யோசனையைச் சட்டம் காக்காது: காப்புரிமையும் வடிவமைப்புப் பதிவும் எப்படி வேலை செய்கின்றன

2016 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் குழந்தைகளுக்கான பயணப் பெட்டி ஒன்றைப் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டிரங்கி என்ற அந்தப் பெட்டியின் மேல் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து உருட்டிக்கொண்டே போகலாம். விலங்கு முகம், இரண்டு கொம்பு, நான்கு சக்கரம். அதைப் பார்த்து இன்னொரு நிறுவனம் 'கிட்டீ கேஸ்' என்ற பெயரில் விலை குறைந்த பெட்டியைச் சந்தையில் இறக்கியது. டிரங்கி நிறுவனம் வழக்குப் போட்டது. டிரங்கியின் யோசனை சொந்தமானது, கெட்டிக்காரத்தனமானது என்று நீதிபதிகளே பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, டிரங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள்.

செய்தியைப் படித்த பலருக்கும் இது புரியவில்லை. முறையாகப் பதிவு செய்த வடிவம்; யோசனை புதிதென்று நீதிமன்றமே சொல்லிவிட்டது; அப்புறம் ஏன் தோல்வி?

காரணம் சுலபமானது, ஆனால் பலர் கவனிக்காதது. டிரங்கி பதிவு செய்திருந்தது ஆறு படங்களை. நீதிமன்றம் ஒப்பிட்டுப் பார்த்தது அந்த ஆறு படங்களை மட்டும்தான். பெட்டியின் மேல் குழந்தை சவாரி செய்யலாம் என்ற யோசனை அந்தப் பதிவுக்குள் வரவே இல்லை. கண்டுபிடிப்பு, வடிவமைப்பு தொடர்பான வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன: எதை எழுதியும் வரைந்தும் கொடுத்தார்கள், எந்தத் தேதியில் கொடுத்தார்கள், எந்த நாட்டில் கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளில். யார் முதலில் யோசித்தது என்பது பல நேரம் நான்காவது இடத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு பொருளுக்குள் எத்தனை உரிமைகள்

ஒரு தண்ணீர் பாட்டிலைக் கற்பனை செய்துகொள்வோம். மூடியை ஒரே கையால் அழுத்தினால் திறக்கிறது, விட்டதும் சொட்டுக் கசிவில்லாமல் தானே மூடிக்கொள்கிறது. பாட்டிலின் உடல் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற மாதிரி முறுக்கிய வளைவோடு இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் இது ஒரு பொருள் இல்லை, குறைந்தது ஐந்து.

1. மூடி வேலை செய்யும் விதம். ஸ்பிரிங், வால்வு, ரப்பர் வளையம் மூன்றும் சேர்ந்து ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்கின்றன. இதற்குரியது காப்புரிமை, பேச்சு வழக்கில் பேட்டண்ட்.

2. பாட்டிலின் தோற்றம். வளைவு, கோடுகள், அலங்காரம், நிறச் சேர்க்கை. இதற்குரியது வடிவமைப்புப் பதிவு. அமெரிக்காவில் இதையே 'டிசைன் பேட்டண்ட்' என்கிறார்கள். அதனால் அங்கிருந்து "பேட்டண்ட் வழக்கு" என்று செய்தி வந்தால், எந்த வகை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

3. பெயரும் சின்னமும். டிரேட்மார்க். புதுப்பித்துக்கொண்டே இருந்தால் இதற்கு முடிவுத் தேதி கிடையாது.

4. பாட்டிலில் அச்சிட்ட ஓவியம், கூட வரும் கையேட்டின் வாசகம். பதிப்புரிமை. உலகின் பெரும்பாலான நாடுகளில் படைத்த உடனேயே உண்டாகிவிடும், பதிவு தேவையில்லை.

5. பிளாஸ்டிக்கின் கலவை விகிதம், வார்க்கும்போது வைக்கும் சூடு. பொருளைப் பிரித்துப் பார்த்தாலும் தெரியாதவை. இவற்றை வணிக ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். காலவரம்பு கிடையாது, ஆனால் கசிந்த அன்றோடு முடிந்தது.

இவற்றைத் தவிர, ஜெர்மனி, சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் 'பயன்பாட்டு மாதிரி' என்று ஒன்று உண்டு. சின்னச் சின்ன இயந்திர மேம்பாடுகளுக்கு, பெரிய ஆய்வில்லாமல், சுமார் 10 ஆண்டுக்குக் கிடைக்கும் குட்டிக் காப்புரிமை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் இது இல்லை.

ஓர் உரிமை முடியும்போது இன்னொன்று அதன் இடத்தைப் பிடிக்கவும் முடியும். கொக்கோ கோலாவின் இடுப்பு வளைந்த பாட்டிலுக்கு 1915இல் டிசைன் பேட்டண்ட் கிடைத்தது. அது காலாவதியாகும் உரிமை. ஆனால் அந்த வடிவத்தைப் பார்த்தாலே நிறுவனத்தின் பெயர் நினைவுக்கு வரும் அளவுக்கு மக்கள் மனதில் ஊறிவிட்டதால், 1960இல் பாட்டிலின் வடிவமே அமெரிக்காவில் டிரேட்மார்க்காகப் பதிவானது. எல்லோருக்கும் இது வாய்க்காது. லெகோ நிறுவனம் தன் செங்கல் துண்டின் வடிவத்தை ஐரோப்பாவில் டிரேட்மார்க்காக வைத்திருக்க முயன்றது. துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காகவே அந்த வடிவம் இருக்கிறது என்று சொல்லி 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் மறுத்துவிட்டது. காலாவதியான காப்புரிமையை முடிவில்லாத டிரேட்மார்க்காக மாற்றும் வாசலைச் சட்டம் வேண்டுமென்றேதான் அடைத்து வைத்திருக்கிறது. என் கணிப்பில் அது சரியான முடிவு. இல்லாவிட்டால் காப்புரிமைக்கு வைத்த 20 ஆண்டு வரம்புக்கு அர்த்தமே இருக்காது.

காப்புரிமை எதற்குக் கிடைக்கும்

1995இல் அமலுக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமைகளுக்கான டிரிப்ஸ் ஒப்பந்தம் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடித்தளத்தைப் போட்டது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு பாதுகாப்பு. அதற்கு மூன்று தகுதிகள்.

1. புதுமை. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. புத்தகம், கட்டுரை, பழைய காப்புரிமை, கண்காட்சி, வீடியோ, விற்பனை எல்லாமே கணக்கில் சேரும். இது எவ்வளவு கறாரான சோதனை என்பதற்குப் பாய்மரப் பலகை வழக்கு நல்ல சான்று. அலைமேல் நின்றபடி பாயைப் பிடித்து ஓட்டும் பலகைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் பிரிட்டனில் ஒரு போட்டியாளர்மீது வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பு ஒரு பழைய சம்பவத்தைக் கொண்டுவந்தது: 1958இல் இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் 12 வயதுப் பையன் ஒருவன் தானே செய்த பலகையில் பாய் கட்டி, கோடைக்கால வார இறுதிகளில் கடலில் விளையாடியிருக்கிறான். ஊர் பார்க்க விளையாடியது வெளியானதாகத்தான் கொள்ளப்படும் என்று 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. அந்தப் பையன் எதையும் எழுதி வைக்கவில்லை, விற்கவில்லை. நிறுவனத்துக்கு அவன் இருப்பதே தெரியாது. அதெல்லாம் யாருக்கும் உதவவில்லை.

2. கண்டுபிடிப்புத் திறன். புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறையில் பழக்கமுள்ள ஒரு சராசரித் தொழிலாளிக்கு "இது தெரிந்ததுதானே" என்று தோன்றிவிடக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851இல் பார்த்த கதவுக் குமிழ் வழக்கு இந்தக் கொள்கைக்கு வேர். மரத்திலும் உலோகத்திலும் செய்துவந்த குமிழை, அதே பொருத்துமுறையில், களிமண்ணிலும் பீங்கானிலும் செய்தார்கள். மலிவு, உறுதி, அழகு எல்லாம் இருந்தது. பொருளை மாற்றுவது நல்ல கைவினைஞனின் வேலை, அதில் கண்டுபிடிப்பு இல்லை என்றது நீதிமன்றம். இன்றும் நிராகரிக்கப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழும் இடம் இதுதான். இரண்டு பழைய பொருளை ஒட்டவைத்து, ஒவ்வொன்றும் முன்பு செய்த வேலையையே செய்தால் ஆய்வாளர் அசைய மாட்டார். ஒட்டவைத்ததால் எதிர்பாராத பலன் ஒன்று வந்திருந்தால் கதை வேறு.

3. தொழில் பயன்பாடு. செய்யவோ பயன்படுத்தவோ முடியவேண்டும். இயந்திரம், கருவி போன்றவற்றில் இது பெரிதாகப் பிரச்சினை ஆவதில்லை.

கணித முறை, இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளைக் கண்டறிவது, வெறும் வியாபாரத் திட்டம் போன்றவற்றுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை. கோடு எங்கே விழுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும், மென்பொருளில் ரொம்பவே மாறும்.

இதற்கெல்லாம் பதிலாக விண்ணப்பதாரர் ஒன்றைக் கொடுக்கிறார்: முழு விளக்கம். அதே துறையில் இருப்பவர் படித்து அதைச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுத வேண்டும். பொதுவாக 18 மாதத்தில் விண்ணப்பம் எல்லோரும் படிக்கும்படி வெளியாகிவிடும். ஆகவே காப்புரிமையும் ரகசியமும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து கிடைக்காது. பிரித்துப் பார்த்தாலே ரகசியம் தெரிந்துவிடும் பொருள் என்றால் காப்புரிமைக்குப் போவதுதான் புத்தி.

உரிமையின் அளவைத் தீர்மானிக்கும் சில வரிகள்

காப்புரிமை ஆவணம் ஐம்பது பக்கம் இருக்கலாம். உண்மையில் சண்டை நடப்பது கடைசியில் எண்ணிட்டு வரும் சில வாக்கியங்களில். 'உரிமைக் கோரல்கள்' எனப்படும் அவை, நிலப் பத்திரத்தில் நான்கெல்லை குறிப்பது போல, பாதுகாப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கின்றன. விளக்கத்தில் இருந்து கோரலில் இல்லாதது எதுவும் உங்களுடையது ஆகாது.

நம் பாட்டிலுக்கு வருவோம். முதல் கோரலை இப்படி எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்: "எஃகு ஸ்பிரிங், சிலிகான் வளையம், ஒரு கை அழுத்தத்தில் திறக்கும் வால்வு ஆகியவற்றைக் கொண்ட பாட்டில் மூடி." போட்டியாளர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வளையும் பிளாஸ்டிக் நாக்கு ஒன்றை வைக்கிறார். கோரலில் உள்ள எல்லா உறுப்பும் அவர் பொருளில் இருந்தால்தான் மீறல். ஒன்று குறைந்தாலும் நேரடி மீறல் இல்லை. சமமான மாற்று என்று வாதிடலாம், சில நாடுகளில் ஜெயிக்கவும் கூடும். ஆனால் அதை நிலைநாட்டுவது கடினம். "மீண்டும் பழைய நிலைக்குத் தள்ளும் உறுப்பு" என்று அகலமாக எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் அகலமாகவே எழுதிவிடலாமே? முடியாது. அகலம் கூடக்கூட, ஏதோ ஒரு பழைய பொருள் அதற்குள் வந்து விழும் ஆபத்தும் கூடுகிறது. விழுந்தால் கோரலே செல்லாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதல் கோரலை அகலமாகவும் அடுத்தடுத்து வருபவற்றைக் குறுக்கியும் எழுதுகிறார்கள். வெளிக்கோடு உடைந்தாலும் உள்கோடு நிற்கும்.

காப்புரிமை என்பது செய்வதற்கான அனுமதி என்று நினைப்பதும் பரவலான தவறு. மற்றவர் செய்வதைத் தடுக்கும் உரிமை மட்டுமே அது. தானே மூடும் வால்வுக்கு வேறொருவர் ஏற்கெனவே காப்புரிமை வைத்திருக்கிறார், நீங்கள் அதில் ஒரு மேம்பாடு செய்து உங்களுக்கும் காப்புரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், அவர் அனுமதி இல்லாமல் நீங்கள் விற்க முடியாது. உங்கள் அனுமதி இல்லாமல் அவரும் அந்த மேம்பாட்டைப் போட முடியாது. பெரிய நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று உரிமம் மாற்றிக்கொள்வதற்கு இந்த முட்டுக்கட்டைதான் காரணம்.

வடிவமைப்பு: கண்ணுக்குப் படுவது மட்டும்

வடிவமைப்புப் பதிவு கேட்கும் கேள்வி வேறு. இது எப்படி வேலை செய்கிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை, எப்படித் தெரிகிறது என்பதில்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1870களின் தொடக்கத்தில் வெள்ளிக் கரண்டிக் கைப்பிடி வழக்கு ஒன்றில் போட்ட அளவுகோல் இன்றும் பேசப்படுகிறது. பொருளை வாங்கும் சாதாரண ஆள், வாங்கும்போது செலுத்தும் வழக்கமான கவனத்தோடு பார்த்து, ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஏமாறுவாரா? நிபுணர் பூதக்கண்ணாடியில் காணும் வித்தியாசம் முக்கியமில்லை. ஐரோப்பாவில் இதே கேள்வியை, விவரம் தெரிந்த பயனாளருக்கு இரண்டும் 'ஒரே மாதிரியான மொத்தத் தோற்றம்' தருகிறதா என்று கேட்கிறார்கள். அந்த வகைப் பொருள்களைப் பார்த்துப் பழகியவர் சாதாரண வாங்குபவரைவிடக் கொஞ்சம் கூர்மையானவர். அதனால் சின்ன வித்தியாசங்களுக்கும் ஐரோப்பாவில் எடை கூடலாம்.

வேலைக்காக மட்டுமே உருவான அம்சத்துக்கு வடிவமைப்புப் பாதுகாப்பு இல்லை. "இதே வேலையை வேறு நாலு வடிவத்திலும் செய்யலாமே, ஆகவே இது அழகுக்கான தேர்வுதான்" என்று வாதிடுவது வழக்கம். 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் டோசரம் என்ற நிறுவனத்தின் வழக்கில் அந்த வாதத்தின் பலத்தைக் குறைத்துவிட்டது. மாற்று வடிவங்கள் உண்டா என்பது முடிவான சோதனை இல்லை. இந்த அம்சத்தைத் தேர்ந்தெடுக்கத் தொழில்நுட்பம் தவிர வேறு காரணம் ஏதாவது இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. வடிவமைக்கும்போது போட்ட முதல் கிறுக்கல்கள், கைவிட்ட மாதிரிகள், குழுவில் நடந்த விவாதக் குறிப்புகள் எல்லாம் திடீரென்று சாட்சியாக மதிப்புப் பெறுவது இங்கேதான். தேதி போட்டுப் பத்திரமாக வைப்பவர்கள் குறைவு.

இனி டிரங்கி எப்படித் தோற்றது என்பதைப் பார்க்கலாம். கொடுத்த ஆறு படங்களும் கணினியில் உருவாக்கிய சாம்பல் நிற முப்பரிமாணப் படங்கள். பெட்டியின் உடல் ஒரு சாயலிலும் சக்கரம், பட்டை போன்றவை வேறு சாயலிலும் இருந்தன. வெறும் கோட்டோவியமாகக் கொடுத்திருந்தால் எந்த நிறத்தில் செய்தாலும் பதிவுக்குள் வரும் என்று வாதிட இடம் இருந்திருக்கும். சாயல் வேறுபாட்டோடு கொடுத்ததால், அந்த வேறுபாடும் வடிவமைப்பின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. பதிவில் இருந்தது கொம்புள்ள விலங்கு. கிட்டீ கேஸில் இருந்தது காதுள்ள விலங்கும், உணர்கொம்புள்ள பூச்சியும். மொத்தத் தோற்றம் வேறு என்று முடிந்தது. ஓர் ஓவியம் எப்படி வரையப்பட்டது என்ற முடிவு, பல ஆண்டுக்குப் பின் ஒரு வியாபாரத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

காலவரம்பு நாட்டுக்கு நாடு வேறு. டிரிப்ஸ் சொல்லும் குறைந்தபட்சம் 10 ஆண்டு. அமெரிக்காவில் வழங்கிய நாளிலிருந்து 15, சீனாவில் 15, இந்தியாவில் 10 ஆண்டும் நீட்டித்தால் இன்னொரு 5உம், ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஜப்பானிலும் அதிகபட்சம் 25. 1787இல் பிரிட்டனில் துணியச்சு வடிவங்களுக்கென வந்த சட்டம் கொடுத்தது வெறும் இரண்டே மாதம்!

பதிவே இல்லாமலும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் வடிவமைப்பு அங்கே முதலில் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டு, நகலெடுத்ததை நிரூபித்தால் தடுக்கலாம். பருவத்துக்குப் பருவம் மாறும் ஆடை வடிவங்களுக்கு இது போதும்; பத்தாண்டு விற்க நினைக்கும் பொருளுக்குப் போதாது.

"பதிவாகிவிட்டது" என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. அமெரிக்க அலுவலகம் வடிவமைப்பையும் புதிதா என்று ஆராய்ந்த பிறகே வழங்குகிறது. ஐரோப்பிய ஒன்றிய அலுவலகம் புதுமையைச் சோதிப்பதில்லை. படிவம் சரியாக இருந்தால் பதிந்துவிடும். அது செல்லுமா செல்லாதா என்பது யாராவது எதிர்க்கும்போதுதான் தெரியவரும்.

உரிமையாளரே தன் உரிமையை அழித்துக்கொள்வது

நகலெடுப்பவரால் இழப்பதைவிட, அவசரப்பட்டுக் காட்டியதால் இழப்பவர்கள் அதிகம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

கிராக்ஸ் செருப்பைப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த வடிவத்தை 2004 நவம்பரில் ஐரோப்பாவில் பதிய விண்ணப்பித்தார்கள். அமெரிக்காவில் அதே ஆண்டு மே மாதம் செய்த விண்ணப்பத்தின் தேதியையே இங்கேயும் கணக்கில் எடுக்கும்படி முன்னுரிமை கேட்டார்கள். ஐரோப்பியச் சட்டம் வடிவமைப்பாளருக்கு 12 மாதச் சலுகைக் காலம் தருகிறது. அந்தத் தேதிக்கு முந்தைய 12 மாதத்துக்குள் அவரே வெளியிட்டிருந்தால் மன்னிப்பு. ஆனால் செருப்பு அதற்கும் முன்பே, 2002இல், ஃபுளோரிடாவில் நடந்த படகுக் கண்காட்சியில் காட்டப்பட்டது, இணையதளத்தில் இருந்தது, விற்பனைக்கும் வந்துவிட்டது. கண்காட்சி நடந்தது அமெரிக்காவில்தானே, ஐரோப்பியத் துறையினருக்கு எப்படித் தெரியும் என்று நிறுவனம் கேட்டது. 2018இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவு செல்லாது என்றாகிவிட்டது.

எவ்வளவு சின்ன வெளிப்பாடு போதும் என்பதற்கு 1881இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் 1855இல் பெண்கள் அணியும் இடுப்புக் கச்சைக்கு நீடித்து உழைக்கும் எஃகுப் பட்டைகளைச் செய்து தன் தோழிக்குக் கொடுத்தார். அவர் அதை அணிந்துவந்தார். செய்தவர் 11 ஆண்டு கழித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆடைக்குள் மறைந்திருந்தாலும், ஒரே ஒருவர் அணிந்திருந்தாலும், ரகசியமாக வைக்கச் சொல்லிக் கட்டுப்படுத்தாமல் கொடுத்துவிட்டால் அது பொதுப் பயன்பாடுதான் என்றது நீதிமன்றம்.

சலுகைக் காலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, குழப்பத்துக்குப் பெரிய காரணம் இதுதான்:

1. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டுபிடிப்பாளர் தானே வெளியிட்டால் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஓராண்டு உண்டு.

2. ஐரோப்பியக் காப்புரிமைக்கு அப்படிப்பட்ட பொதுவான சலுகை இல்லை. நம்பிக்கைத் துரோகத்தால் கசிந்தாலோ அங்கீகாரம் பெற்ற சில சர்வதேசக் கண்காட்சிகளில் காட்டினாலோ மட்டும் ஆறு மாதம்.

3. அதே ஐரோப்பிய ஒன்றியத்தில் வடிவமைப்புக்கு மட்டும் 12 மாதம் உண்டு. ஒரே மேடையில் காட்டிய ஒரே பாட்டிலின் மூடி உரிமையை இழக்கும், வளைவு தப்பிக்கும்.

வடிவமைப்புச் சட்டத்தில் இந்த வேறுபாடுகளைக் குறைக்க 2024 நவம்பரில் ரியாத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 12 மாதச் சலுகைக் காலம் அதன் அம்சங்களில் ஒன்று. போதிய நாடுகள் உறுதி செய்த பிறகே அது அமலுக்கு வரும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. வடிவமைப்பை முதலில் பதிந்துவிட்டுக் காப்புரிமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். வடிவமைப்புப் பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியது. அதில் வெளியான படத்திலேயே மூடியின் அமைப்பு புரிந்துவிட்டால், உங்கள் படமே உங்கள் காப்புரிமைக்கு எதிரான சாட்சி. ஐரோப்பாவிலும், பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் கொடுக்கும் ஹேக் முறையிலும் வடிவமைப்பு வெளியீட்டை 30 மாதம் வரை தள்ளிவைக்கக் கேட்கலாம். அல்லது இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம்.

உலகக் காப்புரிமை என்று ஒன்று இல்லை

1873இல் வியன்னாவில் சர்வதேசக் கண்காட்சி நடந்தபோது, தங்கள் யோசனைகளை மற்ற நாட்டினர் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் பலர் கலந்துகொள்ளத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்திலிருந்து பிறந்ததுதான் 1883இன் பாரிஸ் உடன்படிக்கை. அதன் மிகப் பயனுள்ள பகுதி முன்னுரிமைத் தேதி: ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்துவிட்டால், காப்புரிமைக்கு 12 மாதத்துக்குள்ளும் வடிவமைப்புக்கு 6 மாதத்துக்குள்ளும் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பிக்கலாம். அங்கேயும் முதல் தேதியே கணக்கு. இரண்டு காலக்கெடுவும் வேறு என்பதை மறந்து வடிவமைப்பைக் கோட்டை விடுவது நடந்துகொண்டே இருக்கிறது.

"சர்வதேசக் காப்புரிமை வாங்கினோம்" என்று விளம்பரத்தில் பார்த்தால், பெரும்பாலும் அது 1970இல் கையெழுத்தான காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழ் கொடுத்த ஒரே விண்ணப்பமாக இருக்கும். அந்த முறை எதையும் வழங்குவதில்லை. ஒரு தேடல் அறிக்கையும், நாடு நாடாகப் போவதற்குப் பொதுவாக 30 மாத அவகாசமும் கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தனியாக முடிவு செய்யும். வடிவமைப்புக்கு ஹேக் முறை: ஒரே வகைப்பாட்டில் வரும் 100 வடிவமைப்பு வரை ஒரே விண்ணப்பத்தில் கொடுத்து, உறுப்பு நாடுகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

விண்ணப்பிக்காத நாட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். அது திருட்டு இல்லை, சட்டம் அனுமதித்தது. ஆகவே எங்கே விற்பீர்கள் என்று மட்டும் பார்க்காமல், நகல் எங்கே உற்பத்தி ஆகும் என்றும் பார்த்து நாடுகளைத் தேர்வது வழக்கம்.

மீறினால் எவ்வளவு

1885இல் அமெரிக்காவில் கம்பள வடிவத்தை நகலெடுத்தவர்மீது வழக்குப் போட்டு ஜெயித்த நிறுவனத்துக்குக் கிடைத்த நஷ்டஈடு 6 சென்ட். லாபத்தில் எவ்வளவு வடிவத்தால் வந்தது என்று நிரூபிக்க முடியவில்லை என்பது காரணம். அது பெரிய கூச்சலானது. இரண்டே ஆண்டில் சட்டம் மாறியது: வடிவமைப்பை மீறியவர் அந்தப் பொருளில் ஈட்டிய மொத்த லாபத்தையும் கொடுக்க வேண்டும்.

கம்பளத்துக்கு அந்த விதி பொருந்தும், வடிவம்தான் அங்கே பொருள். ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஸ்மார்ட்போனுக்கு? ஆப்பிள்-சாம்சங் வழக்கு இதில்தான் சிக்கியது. வட்டமூலைச் செவ்வக முகப்பு, திரையில் சின்னங்களின் வரிசை ஆகியவற்றுக்கான டிசைன் பேட்டண்டுகளுக்காக 39.9 கோடி டாலர், அதாவது போன்களின் மொத்த லாபம், சாம்சங்மீது விழுந்தது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: 'பொருள்' என்பது முழு போனாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம். எந்தப் பாகம் என்று எப்படி முடிவு செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. திரும்பப் போன வழக்கில் 2018இல் ஜூரி வடிவமைப்புக்காக மட்டும் 53 கோடி டாலருக்கு மேல் விதித்தது, முன்பைவிட அதிகம்! அடுத்த மாதம் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

உரிமையின் மறுமுனையில் உதிரிப்பாக விவகாரம். கார் கதவு நசுங்கினால் அதே தோற்றமுள்ள கதவுதான் வேண்டும். அந்தத் தோற்றம் பதிவில் இருந்தால் வாங்குபவருக்குத் தயாரிப்பாளரை விட்டால் வழியில்லை. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம், பழுதுபார்க்கத் தேவையான பாகத்தை மற்றவரும் செய்யலாம் என்ற விதிவிலக்கு கார் சக்கர வளையம் வரைக்கும் பொருந்தும் என்று அகலமாகத் தீர்ப்பளித்தது. 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சீர்திருத்தம் விதிவிலக்கை உறுதிப்படுத்தியது, கூடவே குறுக்கவும் செய்தது: கதவு, பம்பர் போல முழுப் பொருளின் வடிவத்தோடு கட்டாயம் ஒத்திருக்க வேண்டிய பாகங்களுக்கு மட்டும். சக்கர வளையம் எந்த வடிவத்திலும் இருக்கலாம் என்பதால் வெளியே போய்விட்டது.

விண்ணப்பத்துக்கு முன் தீர்க்க வேண்டியது: யாருடையது

தேடல், படம், கோரல், நாடு எல்லாம் சரியாக இருந்தும் உரிமை வேறு கைக்குப் போவது உண்டு.

1. கண்டுபிடிப்பாளர் மனிதராக இருக்க வேண்டும். டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பங்களை அமெரிக்க நீதிமன்றமும், 2023 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் நிராகரித்தன. 2021இல் தென்னாப்பிரிக்கா வழங்கியது; அங்கே தகுதி ஆய்வு நடப்பதில்லை. கருவியாக அதைப் பயன்படுத்தி மனிதர் ஒருவர் கண்டுபிடித்தால் அது வேறு விஷயம்.

2. ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது பெரும்பாலான நாடுகளில் நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது, சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ. வெளியாளுக்குப் பணம் கொடுத்து வரையச் சொன்னால், பணம் கொடுத்ததாலேயே வடிவமைப்பு உங்களுடையது என்று எல்லா நாடும் சொல்வதில்லை. எழுதி வாங்க வேண்டும்.

3. எழுதி வாங்குவதிலும் வாசகம் முக்கியம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், வருங்காலக் கண்டுபிடிப்புகளின் உரிமையை மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு சீட்டஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனபோது, வருகையாளர் படிவத்தில், உரிமையை இதன்மூலம் மாற்றித் தருகிறேன் என்று கையெழுத்திட்டார். முன்னது வாக்குறுதி, பின்னது உடனே நடக்கும் கைமாற்றம். எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் அந்த முறையின் உரிமையில் சீட்டஸுக்கும், அதன் அந்தத் தொழிலை வாங்கிய ரோஷ் என்ற மருந்து நிறுவனத்துக்கும் பங்கு வந்துவிட்டது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு, ஆகவே உரிமை தானாகவே தனக்குத்தான் என்ற ஸ்டான்ஃபோர்டின் வாதத்தை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.